வீடு பார்க்கப் போனா, நஞ்சையா புஞ்சையான்னு கேளுங்க

இந்த எபிசோட் ஒரு எக்ஸெல் ஷீட்லேர்ந்து ஆரம்பிக்குது.

எங்க பொண்ணுக்கு இப்போ ரெண்டு வயசு. அடுத்த வருஷம் ஸ்கூல். அதுக்குள்ள ஒரு இடத்துல நிலையா உட்கார்ந்துடணும்னு நானும் என் மனைவியும் ஆறு மாசமா வீடு பார்த்துட்டு இருக்கோம். சாஃப்ட்வேர்காரன் வீடு பார்த்தா என்ன பண்ணுவான்? ஷீட் போடுவான். விலை, சதுர அடி, ஸ்கூல் எவ்வளவு தூரம், ஆபீஸ் எவ்வளவு தூரம், லிஃப்ட், கார் பார்க்கிங்னு பதினாலு காலம் போட்டு ஒவ்வொண்ணுக்கும் மார்க் கொடுத்தேன்.

கடைசியில மூணு வீடு மிஞ்சிச்சு. முதல் வீடு, நான் பிறந்து வளர்ந்த குரோம்பேட்டையிலேயே, ராதா நகர் பக்கம், இருபது வருஷப் பழைய ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். ரெண்டாவது, முடிச்சூர் பக்கம் தனி வீடு. ஏறக்குறைய அதே விலைக்கு ஒரு ரூம் அதிகம், வாசல்ல செடி வைக்க இடம் வேற. மூணாவது, பெரும்பாக்கத்துல ஒரு பெரிய அடுக்குமாடி. ஓ.எம்.ஆர். ஆபீஸ் பக்கம், குழந்தைங்க விளையாட தனி இடம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. என் ஷீட்ல மூணாவது வீடுதான் முதல் மார்க்.

ஷீட்டை அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் நிதானமா பார்த்தார். பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிடா. இதுல நஞ்சை எது, புஞ்சை எது?"

பதினாலு காலத்துலயும் அதுக்கு பதில் இல்லை. அந்த பதிலைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

ஊருக்கு வெளியே வைக்க வேண்டியதெல்லாம்

முதல்ல நம்ம ஊர் பேர். குரோம்பேட்டையில இருக்கிற 'குரோம்' உங்க பிரவுசர் கிடையாது. குரோம் லெதர் கம்பெனி. 1910கள்லேர்ந்து இங்கே நடந்த தோல் தொழிற்சாலை அது. இன்னைக்கும் இங்கே 'சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு'ன்னு ஒரு ரோடு இருக்கு. அந்த சி.எல்.சி.க்கு விரிவு இந்தக் கம்பெனி பேர்தான். தினமும் அந்த வழியா ஷேர் ஆட்டோவுல போறவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் காலேஜ் முடிக்கிற வரைக்கும் தெரியாது.

தோல் பதனிடறது சென்னைக்குப் பழைய தொழில். ஆனா அந்தக் காலத்துல ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டையில ஊற வச்சுதான் பதனிடுவாங்க. வாரக்கணக்குல ஆகும். 1900களோட தொடக்கத்துல ஆல்ஃபிரட் சாட்டர்டன்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர், சென்னை மாகாண அரசு வேலையில இருந்தவர், குரோமியம் உப்பை வச்சுப் பதனிடற முறையை இங்கே சோதிச்சுப் பார்த்தார். இந்த முறையில வேலை சீக்கிரம் முடியும், தோலும் தண்ணியில அழுகாது. அதனால அவர் அதை எதுக்குப் பயன்படுத்தப் பார்த்தார் தெரியுமா? கிணத்துல மாடு கட்டித் தண்ணி இறைக்கிற கவலைக்கு, அந்தத் தோல் பைக்கு. கிணத்துத் தண்ணியை மேல கொண்டு வர்றதுக்காக இங்கே கால் வச்ச குரோம் தோல், நூறு வருஷம் கழிச்சு நாகல்கேணி பக்கத்துக் கிணறுகள்ல குரோமியமா இறங்கி இருக்கு. தோல் ஷெட்டுகள் இருக்கிற அந்தப் பகுதியோட நிலத்தடி நீரைப் பல ஆய்வுகள் சோதிச்சு இதைச் சொல்லியிருக்கு. பல்லாவரத்துல தோல் கழிவுநீருக்குப் பொது சுத்திகரிப்பு நிலையம் பின்னாடி வந்துச்சு. ஆனா நிலத்துக்குள்ள ஏற்கனவே இறங்கினதை யாரும் திரும்ப எடுக்க முடியாது.

தோல் ஷெட் ஏன் இங்கே வந்துச்சு? நாத்தம். நகரத்துக்குள்ள வச்சுக்க முடியாது. 1928-ல டாக்டர் சௌரி முத்து தாம்பரத்துக்கு முன்னாடி ஒரு காசநோய் சனடோரியம் ஆரம்பிச்சார். இங்கிலாந்துலயே சனடோரியம் நடத்தினவர் அவர். அப்போ காசநோய்க்கு இன்னைக்கு இருக்கிற மருந்து எதுவும் கிடையாது. நல்ல காத்து, வெயில், ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். காத்துக்காகத்தான் இந்த இடம். 1937-ல அரசு அதை எடுத்துக்கிச்சு. அதே 1937-ல சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு தாம்பரம் சேலையூர் காட்டுக்கு இடம் மாறிச்சு. 1949-ல சி. ராஜம் தன்னோட வீட்டையே வித்த பணத்தைப் போட்டு குரோம்பேட்டையில எம்.ஐ.டி.யை ஆரம்பிச்சார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படிச்சது அங்கேதான்.

வரிசையா பாருங்க. தோல், நோயாளி, மாணவன். நகரம் தன்கிட்ட இடம் இல்லாததையெல்லாம் தெற்கே ரயில் பாதையோரமா அனுப்பி வச்சது. 1984-ல ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் சனடோரியம் பக்கத்துல வந்ததையும் இந்த வரிசையில சேர்க்கலாம். இதுக்கு நடுவுல இன்னொரு கூட்டத்தையும் நகரம் இங்கே அனுப்பிச்சு. குழந்தை குட்டியோட வாடகை வீட்டுல இருந்த நடுத்தரக் குடும்பங்கள்.

ரயில் போட்ட கோடு

1931 மே மாசம் பீச்லேர்ந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் பொதுமக்களுக்கு ஓட ஆரம்பிச்சது. 29 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். தென்னிந்தியாவுல இதுதான் முதல் மின்சார புறநகர் ரயில். ஒரு குமாஸ்தா பாரிமுனையில வேலை பார்த்துக்கிட்டு பல்லாவரத்துலயோ தாம்பரத்துலயோ குடியிருக்கலாம்னு ஆனது அதுக்கப்புறம்தான். 2004-ல மீட்டர் கேஜ் ரயில் நின்னு முழுக்க அகலப் பாதை ஆச்சு. அந்தச் சின்னப் பெட்டிகள்ல அம்மா மடியில உட்கார்ந்து போன ஞாபகம் எனக்கு மங்கலா இருக்கு.

ரயில் போய் ஊரை உண்டாக்குறது உலகம் பூரா நடந்திருக்கு. லண்டன்ல மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1915-லேர்ந்து 'மெட்ரோ-லேண்ட்'னு வருஷா வருஷம் கையேடே போட்டு, புறநகர்ல வந்து குடியேறுங்கன்னு குடும்பங்களைக் கூப்பிட்டுச்சு. நம்ம பக்கம் அவ்வளவு திட்டமா நடக்கலை. ஸ்டேஷனைச் சுத்தி ஒருத்தர் நாலு ஏக்கரை மனை போட்டு ஏதோ ஒரு 'நகர்'னு பேர் வைப்பார். பக்கத்து வயல்காரர் அதைப் பார்த்துட்டு இன்னொரு 'நகர்' போடுவார். இப்படி ஒட்டி ஒட்டி வளர்ந்ததுதான் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம். நகர வளர்ச்சியைப் பார்த்துக்க வேண்டிய சி.எம்.டி.ஏ. வந்ததே 1970கள்ல. முதல் மாஸ்டர் பிளான் 1975. ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2008. நடுவுல 33 வருஷம். எங்க தெரு மாதிரி ஆயிரம் தெரு உருவானது அந்த இடைவெளியிலதான்.

எங்க அப்பாவும் அப்படி வந்தவர்தான். விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வேலைக்காக வந்து, சைதாப்பேட்டையில ஒரே ரூம் போர்ஷன்ல இருந்தார். கல்யாணம் ஆகி அக்கா பிறந்ததும், வீட்டுக்கார அம்மா "குழந்தை ராத்திரி அழுது"ன்னு சொன்னாங்களாம். அன்னைக்கே சொந்த மனைன்னு முடிவு பண்ணிட்டார். 1994-ல ரயில் பாதைக்குக் கிழக்கே, ஸ்டேஷன்லேர்ந்து சைக்கிள்ல பத்து நிமிஷத்துல, அரை கிரவுண்ட் வாங்கினார். அவர் ஷீட்ல மூணே காலம்தான். பட்டா சரியா இருக்கா? ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம்? தண்ணி எத்தனை அடியில? மூணாவது கேள்விக்குக் கிடைச்ச பதில்தான் அவரை விழ வச்சது. பத்தடியில தண்ணி. இளநீர் மாதிரி இருக்கும்னு அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க.

ஏரிக்குக் கீழே இருக்கிறதுக்குப் பேர் வயல்

இப்போ நஞ்சை, புஞ்சைக்கு வர்றேன்.

செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லான்னு சொல்லுவாங்க. மேட்டுலேர்ந்து கடல் பக்கம் மெல்ல சரியுற நிலம் இது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி ஒரு கரை கட்டினா தண்ணி நிக்கும். அதுதான் ஏரி. கரைக்கு இந்தப் பக்கம் மதகு. மதகைத் திறந்தா தண்ணி தானா வயலுக்கு ஓடும். மோட்டார் வேண்டாம், மாடு வேண்டாம். ஏரி நிரம்பிடுச்சுன்னா உபரித் தண்ணி கலங்கல் வழியா வழிஞ்சு, வாய்க்கால்ல போய் அடுத்த ஏரியில விழும். அது நிரம்பினா அதுக்கடுத்தது. நம்ம பாஷையில சொன்னா, ஒண்ணை நம்பி ஒண்ணு இருக்கிற டிபெண்டன்சி சங்கிலி. நடுவுல ஒரு லைப்ரரியை டெலீட் பண்ணா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினா செம்பாக்கம் ஏரி. செம்பாக்கம் நிரம்பினா நன்மங்கலம். அங்கேர்ந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில கோவளம் பக்கம் கடல். இது ரயில் பாதைக்குக் கிழக்கே. மேற்கே விழுற மழை, ஏறக்குறைய எல்லாமே, அடையாத்தைத் தேடிப் போகும். ஒரே தாம்பரத்துல பெய்யுற மழை ரெண்டாப் பிரிஞ்சு, ஒண்ணு அடையாறு முகத்துவாரத்துலயும் இன்னொண்ணு கோவளத்துலயும் கடலைத் தொடுது.

இந்த அமைப்புல ஊர் எப்படி இருந்துச்சுன்னு யோசிங்க. வீடு கட்டுற இடத்துக்குப் பேர் நத்தம். பொதுவா மேடான இடமாப் பார்த்துத்தான் நத்தம் இருக்கும். ஏரித்தண்ணி பாயுற வயல் நஞ்சை. தண்ணி ஏறாத, மழையை நம்பின நிலம் புஞ்சை. ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால் எல்லாம் புறம்போக்கு. வரி போடறதுக்காக வெள்ளைக்காரன் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் இதை எழுதி வச்சான். நாம அதை வரிக் கணக்குன்னு நினைச்சோம். உண்மையில அது ஒரு தண்ணி வரைபடம். நஞ்சைன்னா என்ன அர்த்தம்? ஏரியிலேர்ந்து தண்ணி தானா ஓடி வந்து சேர்ற பள்ளம். அவ்வளவுதான்.

விவசாயிக்கு நஞ்சைதான் ஒசத்தி, புஞ்சை மட்டம். வீடு கட்டுறவனுக்கு அப்படியே தலைகீழ். ஆனா நிலம் கை மாறும்போது இந்தக் கணக்கு மாறினதை யாரும் சத்தமா சொல்லலை. வயல் மனையாச்சு. வயல் இல்லாததால மதகு தேவையில்லை. மதகு தேவையில்லாததால ஏரிக்குக் கேட்பாரில்லை. முன்னெல்லாம் ஏரியில ஒருத்தன் கைவச்சா ஆயக்கட்டு விவசாயி எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. இப்போ சண்டை போட ஆளில்லை. பல்லாவரம் பெரிய ஏரியை துரைப்பாக்கம் போற 200 அடி ரோடு ரெண்டாப் பிளந்துச்சு. சிட்லபாக்கம் ஏரியில வீடு வந்துச்சு, கழிவுநீர் வந்துச்சு, கரையில குப்பை வந்துச்சு. அங்கே குடியிருக்கிறவங்க பல வருஷம் தெருவுல இறங்கிப் போராடின பிறகுதான் சீரமைப்பு நடந்துச்சு.

'ஏரியைத் தூர்த்து வீடு கட்டினது நம்ம தலைமுறை'ன்னு நினைச்சுடாதீங்க. நம்ம எல்லாரும் தீபாவளிக்குத் துணி எடுக்கிற தி.நகரே 1920கள்ல மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வத்த வச்சுப் போட்ட நகர்தான். அது நல்லா ஓடுச்சு. அதைப் பார்த்து ஊரெல்லாம் கத்துக்கிட்ட பாடம், ஏரின்னா காலி மனைங்கிறதுதான்.

49 சென்டிமீட்டர்

2015 டிசம்பர் 1. எனக்கு அப்போ காலேஜ் ரெண்டாம் வருஷம். டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல தாம்பரத்துல பதிவான மழை 49 சென்டிமீட்டர். சென்னையில வருஷம் முழுக்கப் பெய்யுற மழையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஒரே நாள்ல.

ராத்திரி பாத்ரூம் ஓட்டை வழியா முதல்ல தண்ணி மேல வந்துச்சு. மழைத்தண்ணி வாசல் வழியாத்தான் வரும்னு நாங்க வாசல்ல மணல் மூட்டை போட்டுட்டு உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிக்கு முட்டி அளவு. அம்மா எங்க சர்டிஃபிகேட் ஃபைலையும் வீட்டுப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பரண் மேல வச்சாங்க. பக்கத்து வீட்டு மாடியில மூணு ராத்திரி இருந்தோம். அந்த வீட்டுல கைக்குழந்தை ஒண்ணு இருந்துச்சு. பால் பவுடர் கலக்க நல்ல தண்ணி இல்லை. சுத்தி இடுப்பளவு தண்ணி, குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணி இல்லை. எனக்கு அந்த வெள்ளத்துல இன்னைக்கும் மறக்காதது அதுதான். இப்போ எனக்கே ஒரு குழந்தை இருக்கிறதால, அடிக்கடி ஞாபகம் வருது.

எங்க தெரு நிலைமையே இப்படின்னா, மேற்கே அடையாறு ஓரத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டாங்க. டிவியில நீங்க பார்த்திருப்பீங்க. என் ஷீட்ல ரெண்டாவது வீடு அந்தப் பக்கம்தான்.

மூணாவது வீடு? பெரும்பாக்கம் இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோட ஓரத்துல. ஒரு காலத்துல இருந்த சதுப்பு நிலத்துல சுமார் பத்துல ஒரு பங்குதான் இப்போ மிச்சம். 2022-ல அதுக்கு ராம்சார் அந்தஸ்து கிடைச்சது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்குல தண்ணியில நின்னுச்சு. இப்போ முந்தி சொன்ன சங்கிலியை ஞாபகப்படுத்திப் பாருங்க. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், பள்ளிக்கரணை. எங்க அப்பா வீட்டு மொட்டை மாடியில விழுற மழை கடைசியில போய்ச் சேர்ற இடத்துலதான் நான் நீச்சல் குளத்தோட வீடு பார்த்து, முதல் மார்க் போட்டு வச்சிருந்தேன். அந்த மழைத்தண்ணி பின்னாடியே சூட்கேஸோட போற மாதிரி இருந்துச்சு எனக்கு.

வெள்ளம் மட்டும் இல்லை. நாலே வருஷம் கழிச்சு 2019 ஜூன்ல சென்னைக்குத் தண்ணி கொடுக்கிற ஏரிகள் வறண்டுச்சு. ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. பத்தடியில தண்ணி இருந்த எங்க கிணறு அந்த வருஷம் காய்ஞ்சுது. யோசிச்சா ரெண்டும் ஒரே விஷயம்தான். ஏரிதான் எங்க கிணத்தை ஊற வச்சுது. ஏரி நிரம்பினா வீட்டுக்குள்ள தண்ணி, ஏரி காய்ஞ்சா கிணத்துல தண்ணி இல்லை. 1994-ல அப்பாவுக்கு நல்ல சகுனமா தெரிஞ்ச பத்தடித் தண்ணி, அந்த இடம் எப்படிப்பட்டதுங்கிறதை அன்னைக்கே சொல்லிடுச்சு.

எல்லாருக்கும் ஷீட் போட வாய்ப்பு இருக்கா?

இதையெல்லாம் படிச்சு முடிச்சதும் ஒரு நாள் அப்பாவோட தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பரண் மேல வச்சுக் காப்பாத்தின அதே பத்திரம். சொத்து விவரத்துல தெளிவா எழுதியிருக்கு: நஞ்சை.

எனக்கு கோவம் வந்துச்சு. "இவ்வளவு தெரிஞ்சு ஏம்ப்பா வாங்கினீங்க?"ன்னு கேட்டேன். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "தெரியும்டா. பள்ளம்னுதான் எனக்கு விலை படிஞ்சது. மேட்டுல வாங்க என்கிட்ட எங்க இருந்துச்சு காசு? உங்களை நடந்து போற தூரத்துல ஒரு நல்ல ஸ்கூல்ல போடணும். அதுக்கு இந்த ஊர் வேணும். இந்த ஊர்ல எனக்கு எட்டினது அந்த இடம்."

அதுக்கு மேல நான் என்ன பேச? என் படிப்பு, இந்த மைக், இந்த எபிசோட் எல்லாமே அந்தப் பள்ளத்து மனையில நின்னு வந்ததுதான். 'பார்த்து வாங்கியிருக்கணும்'னு வெள்ளம் வந்தப்போ டிவியில நிறையப் பேர் சொன்னாங்க. பார்த்துதான் வாங்கினாங்க. கட்டுப்படியாகிற விலைக்கு வேற இடம் இல்லை. அந்த மனையைப் பதிவு பண்ணிக்கொடுத்து, வீட்டு வரி வாங்கி, கரண்ட் கொடுத்தது எல்லாம் அரசுதான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே 2016-ல. அதுக்கு அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்துச்சு. அதுக்குள்ள ஒரு தலைமுறை வீடு கட்டி முடிச்சிடுச்சு.

அப்பாவுக்காவது ஒரு தேர்வு இருந்துச்சு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாத்தங்கரையில இருந்த குடிசைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாத்தினாங்க. வெள்ளத்துலேர்ந்து காப்பாத்துறோம்னு சொல்லி சதுப்பு நிலத்து ஓரத்துல கொண்டுபோய் வச்சாங்க. வேலை நகரத்துக்குள்ள, வீடு வெளியே. குழந்தைங்க படிப்பு நடு வருஷத்துல அறுந்து போச்சு. நான் ஷீட்ல 'ஸ்கூல் எவ்வளவு தூரம்'னு ஒரு காலம் போடும்போது, அந்தக் காலமே கிடைக்காத பெத்தவங்க அதே பெரும்பாக்கத்துல, நான் பார்த்த அடுக்குமாடிக்குப் பக்கத்துலயே இருக்காங்க.

சரி, நீங்க என்ன பார்க்கலாம்?

கேட்கிறவங்கள்ல நிறையப் பேர் இப்போ வீடு தேடுற வயசுதான். நான் கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன்.

ஒண்ணு, தாய்ப்பத்திரத்துல சொத்து விவரத்தைப் படிங்க. பட்டா யார் பேர்ல இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க. நஞ்சையா, புஞ்சையா, நத்தமா? பக்கத்து சர்வே நம்பர்ல ஏரி, ஓடை, வாய்க்கால்னு ஏதாவது வருதா? நாலு எல்லையில 'வாய்க்காலுக்கு மேற்கு'ன்னு எழுதியிருந்தா, அந்த வாய்க்கால் இப்போ எங்க இருக்குன்னு நேர்ல போய்த் தேடுங்க. ரோடா மாறியிருந்தா அந்த ரோட்லதான் தண்ணி வரும். 'அ' பதிவேடும் புலப்படமும் அரசு இணையதளத்துலேயே பார்க்கலாம். நகர நில அளவை முடிஞ்ச இடத்துல பழைய வகைப்பாடு மறைஞ்சிருக்கும். அதனாலதான் பழைய பத்திரம் முக்கியம். புஞ்சைன்னு இருந்தா பயமே இல்லைன்னும் நினைக்காதீங்க. பக்கத்துல ரோட்டை ரெண்டடி ஒசத்தினா மேடும் பள்ளமாகும்.

ரெண்டு, தெருவுல இஸ்திரி போடறவரையும் மளிகைக் கடைக்காரரையும் கேளுங்க. "2015-ல எவ்வளவு தண்ணி அண்ணே?" புரோக்கர் சொல்றது ஒண்ணு, அவங்க சொல்றது ஒண்ணா இருக்கும். கையை முட்டியில வச்சுக் காட்டினாங்கன்னா அந்த அளவை நோட் பண்ணிக்கோங்க.

மூணு, வீட்டை ரெண்டு தடவை பாருங்க. ஐப்பசி கார்த்திகையில ஒரு தடவை, சித்திரையில ஒரு தடவை. முதல் தடவை தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும். ரெண்டாவது தடவை, லாரி எத்தனை வருதுன்னு தெரியும். நாகல்கேணி மாதிரி தோல் ஷெட் பக்கம்னா, போர் தண்ணியைக் குழந்தைக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணுங்க.

நாலு, ஸ்கூலுக்குக் குழந்தையைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை நடந்து பாருங்க. மேப்ல எண்ணூறு மீட்டர்தான் காட்டும். நடுவுல ஜி.எஸ்.டி. ரோடும் ரயில்வே கேட்டும் இருந்தா அது எண்ணூறு மீட்டர் கிடையாது. ராதா நகர் சுரங்கப்பாதை வருஷக்கணக்குல முடியாமக் கிடந்தப்போ, கேட் போட்டா எத்தனை நிமிஷம் நிக்கணும்னு இந்த ஊர்க் குழந்தைங்களுக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, கட்டாயக் கல்விச் சட்டத்துல தனியார் பள்ளிகளோட 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்கிறவங்களுக்கு, நம்ம மாநிலத்துல வீடு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு எந்தத் தெருவுல வாடகைக்கு இருக்காங்கங்கிறதே குழந்தை எங்க படிக்கும்னு தீர்மானிச்சிடும்.

நாங்க என்ன முடிவு பண்ணோம்?

கடைசியில பதினஞ்சாவது காலம் ஒண்ணு சேர்த்தேன். தலைப்பு, 'தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போகுது'. அதைச் சேர்த்ததும் பெரும்பாக்கத்து வீடு முதல் இடத்துலேர்ந்து இறங்கிடுச்சு. முடிச்சூர் வீட்டை என் மனைவிக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அந்த வாசல் செடி. ஒரு ஞாயித்துக்கிழமை போய் அந்தத் தெரு ஆட்களோட பேசினோம். ஒரு பாட்டி வீட்டுச் சுவர்ல 2015 தண்ணி நின்ன கறையைத் தொட்டுக் காட்டினாங்க. அது என் மனைவியோட தோள் உயரம் இருந்துச்சு. திரும்பி வரும்போது அவ ஒண்ணும் பேசலை. வீட்டுக்கு வந்ததும், "செடியை மாடியில வச்சுக்கலாம்"னு மட்டும் சொன்னா.

குரோம்பேட்டை ஃபிளாட்டையும் நாங்க வாங்கலை. அதே ராதா நகர் பக்கம் ஒரு வீட்டுல முதல் மாடியை வாடகைக்கு எடுத்திருக்கோம். ஒரு ஐப்பசி, ஒரு சித்திரை இருந்து பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்னு இருக்கோம். இங்கேர்ந்து அப்பா வீடு நடக்கிற தூரம். ஆபீஸுக்கு எனக்கு ஒண்ணே கால் மணி நேரம் ஆகுது, அதை நான் ஏத்துக்கிட்டேன். நாங்க வேலைக்குப் போற நேரத்துல பொண்ணு பாட்டி தாத்தாகிட்ட இருப்பா. என் ஷீட்ல அதுக்கும் காலம் இல்லாமதான் இருந்துச்சு.

மழைக்காலம் வந்தா அப்பாவும் அம்மாவும் எங்க மாடிக்கு வந்துடணும்னு பேசி வச்சிருக்கோம். அப்பா சரின்னு சொல்லியிருக்கார். பத்திரத்தையும் கொண்டு வருவாராம்.

உங்க வீட்டுத் தாய்ப்பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு இந்த வாரம் எடுத்துப் பாருங்க. அப்படியே அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ, இந்த இடத்தை ஏன் வாங்கினீங்கன்னு ஒரு தடவை கேளுங்க. கோவப்படாம கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.